சீனிவாச இராமானுசனின் நோயும் மருத்துவமும்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடர் பின்னங்கள் ஆகிய துறைகளில் இவர் கண்ட முடிவுகள் இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன. இவர் தமது 32 ஆம் அகவையில் மறைந்தார். இவருடைய வாழ்வின் இறுதி மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதி மருத்துவ இல்லங்களிலும் நோய்ப்படுக்கையிலும் கழிந்தது. இங்கிலாந்தில் மட்டும் குறைந்தது ஐந்து மருத்துவ இல்லங்களில் இவர் தங்கியிருந்தார். பணமும் செல்வாக்கு மிக்க நண்பர்களும் இவருக்கு இருந்தும், இவருக்குப் பொருந்தும் மருத்துவர் ஒருவர் இறுதிவரை அமையவில்லை. இக்கட்டுரை இராமானுசனின் வாழ்க்கையை அவருடைய நோய், மருத்துவம் ஆகியவற்றின் வழியே விளக்குகிறது.

பிறப்பும் குடும்பமும்

இராமானுசன் தம் தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் பிறந்தார். ஈரோடு அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. பாட்டனார் அங்கு நீதிமன்றத்தில் அமீனாகப் பணியாற்றினார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் மன உறுதி மிக்கவர்; மகனின் வாழ்வில் பெரும்பாலான முடிவுகளை எடுத்தவர். தாய்வழிக் குடும்பத்தின் வழிபடு தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார் ஆகும்.

1889 ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு அகவைக் குழந்தையாக இருந்தபோது இராமானுசனைப் பெரியம்மை தாக்கியது. அதிலிருந்து அவர் பிழைத்தார். அம்மைத் தழும்புகள் வாழ்நாள் முழுதும் அவர் முகத்தில் இருந்தன.

கல்வியும் இளமைக்கால நோய்களும்

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் இராமானுசன் சிறந்த மாணவராக விளங்கினார். 1903 அளவில் கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திர நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதன்பின் கணிதம் தவிர்ந்த பாடங்களில் அவருடைய கவனம் குன்றியது. 1904 இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். 1905 இல் வீட்டைவிட்டு வெளியேறி விசாகப்பட்டினம் நோக்கிச் சென்றார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்குச் சீதபேதி கண்டதனால் சில மாதங்கள் ஊர் திரும்பி ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் தென்னிந்தியாவில் சீதபேதி பரவலாகக் காணப்பட்ட நோயாகும். குணமான பின் யாரும் அதைப் பெரிதாக நினைவில் வைப்பதில்லை. இராமானுசனின் வாழ்வில் இந்நோய் பின்னர் முக்கியத்துவம் பெற்றது.

1909 சூலையில் அவருக்கும் ஜானகி என்ற சிறுமிக்கும் திருமணம் நடைபெற்றது. திருமணத்திற்குப் பின் அவருக்கு விரைவீக்கம் ஏற்பட்டது. அறுவை மருத்துவம் தேவைப்பட்டது, குடும்பத்திடம் பணமில்லை. 1910 சனவரியில் மருத்துவர் ஒருவர் கட்டணம் பெறாமல் அறுவை செய்ய முன்வந்தார். அறுவை நல்லபடியாக முடிந்தது. அதே காலப்பகுதியில் சென்னையில் மீண்டும் நோயுற்றபோது, தமது கணிதக் குறிப்பேடுகளை நண்பர் இராதாகிருஷ்ண ஐயரிடம் ஒப்படைத்தார். தாம் இறந்துவிட்டால் அவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் இராசிடமோ சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார். குணமானபின் அவற்றைத் திரும்பப் பெற்றார்.

சென்னைத் துறைமுகமும் ஹார்டியும்

1911 இல் இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் சிறிது காலம் அவருக்குப் பொருளுதவி செய்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கு மேலாளராக இருந்த நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஆதரவளித்தனர்.

1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்கு இராமானுசன் கடிதம் எழுதினார். அதற்கு முன்னர் வேறு ஆங்கிலேயப் பேராசிரியர்களுக்கு எழுதிய கடிதங்கள் பயனளிக்கவில்லை. ஹார்டி அக்கடிதத்தின் தரத்தை உணர்ந்து அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடத்தல் ஆசாரத்திற்கு மாறானது என்பதால் முதலில் இராமானுசன் மறுத்தார். நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று கோயிலில் மூன்று இரவுகள் தங்கியபின் அவர் மனம் மாறினார். தாயாரும் தாம் கண்ட கனவு ஒன்றின் அடிப்படையில் இசைவளித்தார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். அதே கப்பலில் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து என்ற காசநோய் மருத்துவரும் பயணம் செய்தார்.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை

1914 ஏப்ரலில் இராமானுசன் இலண்டனை அடைந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. இதில் ஒரு பகுதி கும்பகோணத்திலிருந்த குடும்பத்திற்கு அனுப்பப்பட்டது. டிரினிட்டி கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுண்டு அளித்தது. ஹார்டி, லிட்டில்வுட் ஆகியோருடன் அவர் செய்த ஆய்வுகள் விரைவில் புகழ்பெற்றன. 1916 மார்ச்சில் ஆய்வின் அடிப்படையில் பட்டம் பெற்றார்.

அவர் கடும் சைவ உணவுப் பழக்கம் உடையவர். கல்லூரி உணவுக்கூடத்தில் உண்ணாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபின் காய்கறிகளும் பழங்களும் கிடைப்பது அரிதாயிற்று. ஆய்வில் மூழ்கிய நாட்களில் தொடர்ந்து முப்பது மணிநேரம் வேலை செய்து பின்னர் இருபது மணிநேரம் உறங்குவதும், நாளுக்கு ஒரு வேளை மட்டும் சமைப்பதும் வழக்கமாயின.

பின்னாளில் புள்ளியியலில் புகழ்பெற்ற பிரசாந்த சந்திர மகலனோபிசு அப்போது கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தார். குளிரால் இராமானுசன் உறங்க முடியாமல் தவிப்பதை அறிந்து அவர் அறைக்குச் சென்று படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் படுக்கையில் விரித்து மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலங்கியைப் போர்த்திக்கொண்டு கம்பளிகளின் மேல் படுத்திருந்தார். மகலனோபிசு அதைச் செய்து காட்டினார். துன்பத்தை வாய்விட்டுச் சொல்லும் இயல்பு இராமானுசனிடம் குறைவு என்பதற்கும், நேரில் வந்து பார்க்கும் ஒருவர் அதை எளிதில் தீர்க்கலாம் என்பதற்கும் இந்நிகழ்வு சான்றாகும்.

நோயின் தொடக்கம்

1917 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் இராமானுசன் நோயுற்றார். வயிற்று வலியும் இரவில் ஏறும் காய்ச்சலும் முதன்மையான அறிகுறிகள். உடல் எடை குறைந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ இல்லத்தில் அவர் சேர்க்கப்பட்டார். முதலில் இது இரைப்பைப் புண் எனக் கருதப்பட்டது. அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டுக் காசநோய் என்ற ஐயம் எழுந்தது.

காசநோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை. 1882 இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்திருந்தார். ஆயினும் அதனை அழிக்கும் முதல் சிறந்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே மருத்துவமாக இருந்தன. இதற்கென மலைப்பாங்கான இடங்களில் சானடோரியங்கள் கட்டப்பட்டன. நோயாளிகள் குளிர்காலத்திலும் திறந்த சாளரங்களுடன், கணப்பு இல்லாத அறைகளில் தங்கவைக்கப்பட்டனர்.

மெண்டிப் மலை

1917 இன் பிற்பகுதியில் இராமானுசன் சாமர்செட் பகுதியில் உள்ள மெண்டிப் மலைச் சானடோரியத்திற்குச் சென்றார். அதனை நடத்தியவர் நெவாசா கப்பலில் உடன் வந்த மருத்துவர் சவுரிமுத்து. இந்தியர், காசநோயில் வல்லுநர், முன்னரே அறிமுகமானவர் என்ற வகையில் இவரே மிகப் பொருத்தமான மருத்துவர் எனத் தோன்றக்கூடும். ஆயினும் இராமானுசன் அங்கு நெடுங்காலம் தங்கவில்லை. திறந்தவெளி மருத்துவத்தின் குளிரும் உணவும் அவருக்கு ஒத்துவரவில்லை. மருத்துவரும் நோயாளியும் ஒரே நாட்டினராக இருப்பது மட்டும் போதுமானதாக அமையவில்லை எனலாம்.

மனத்துயர்

உடல்நோயுடன் மனத்துயரும் சேர்ந்துகொண்டது. போர் காரணமாகக் கடிதப் போக்குவரத்து தடைப்பட்டது. கும்பகோணத்தில் தாயாருக்கும் மனைவிக்கும் இடையே பிணக்கு இருந்தது. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவரைச் சென்றடையவில்லை. கணவர் எழுதியவையும் அவ்வாறே. 1917 இல் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் தேர்வில் இராமானுசன் வெற்றி பெறவில்லை. 1918 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அக்காலச் சட்டப்படி அது குற்றமாகும். ஹார்டி காவல்துறையினரிடம் நேரில் சென்று பேசி, வழக்கு இல்லாமல் அவரை விடுவித்தார். ஹார்டி இதனை வெளியே சொல்லவில்லை. இந்நிகழ்ச்சி பல ஆண்டுகள் கழித்தே வெளியுலகிற்குத் தெரியவந்தது.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் பேச்சுவழி மனமருத்துவம் வளர்ந்துவந்தது. கேம்பிரிட்ஜ் புனித யோவான் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், போரில் மனம் கலங்கிய படை அதிகாரிகளுக்கு அவர்களின் அச்சங்களைப் பேசவைத்து மருத்துவம் செய்துவந்தார். இவர் 1901–02 இல் நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பற்றி ஆராய்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. இராமானுசனின் மருத்துவர்கள் பெரும்பாலும் நெஞ்சகத்தையும் வயிற்றையும் பார்த்தவர்கள். தனிமையும் குடும்பக் கவலையும் அவருடைய நோயின் ஒரு பகுதி என்ற கண்ணோட்டத்தில் மருத்துவம் அமையவில்லை.

1918 இல் ஹார்டியின் முயற்சியால் இராமானுசன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரும் ஆனார். இச்செய்திகள் அவருக்குப் புத்துணர்ச்சி அளித்தன. அதன்பின் அவர் மீண்டும் ஊக்கத்துடன் ஆய்வில் ஈடுபட்டார்.

மாட்லாக் சானடோரியம்

1918 ஆம் ஆண்டின் பெரும்பகுதியை இராமானுசன் டெர்பிசயர் பகுதியில் உள்ள மாட்லாக் சானடோரியத்தில் கழித்தார். அங்கும் குளிரே பெருந்துன்பமாக இருந்தது. குளியலறைகள் மட்டும் வெதுவெதுப்பாக இருந்ததால், தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அங்குச் சென்று கணிதம் செய்ய எண்ணினார். சமையற்காரர்களுக்குத் தென்னிந்திய உணவு சமைக்கத் தெரியவில்லை. சத்துணவே மருந்தாகக் கருதப்பட்ட மருத்துவ முறையில், நோயாளி உண்ண இயலாத உணவு பெருங்குறையாகும்.

1918 சூனில் இராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் அவரைக் காண வந்து சில நாட்கள் தங்கினார். அவர் இராமானுசனின் உணவு, காய்ச்சல், மருத்துவர்களின் நடைமுறை ஆகியவற்றை விசாரித்து, ஹார்டிக்கு விரிவான கடிதம் எழுதினார். இராமானுசன் போதிய உணவு இன்றி மெலிவதாக அவர் கவலை தெரிவித்தார். உணவு விடயத்தில் இராமானுசன் காட்டிய பிடிவாதத்தையும் மறைக்கவில்லை. ஹார்டி உணர்ந்திருக்க இயலாத பல விவரங்கள் இதன் மூலம் தெரியவந்தன.

நோயறிதலில் குழப்பம்

மருத்துவர்களிடையே நோய் எது என்பதில் ஒத்த கருத்து உருவாகவில்லை. இலண்டன் நெஞ்சக வல்லுநர் பாட்டி ஷா, இராமானுசனுக்கு முன்னர் அறுவை மருத்துவம் நடந்திருப்பதைக் கேட்டறிந்தார். அதுவரை மற்ற மருத்துவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அன்று அகற்றப்பட்டது புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாம் என்றும், அது உடலில் பரவியிருக்கலாம் என்றும் அவர் ஐயுற்றார். பல மாதங்கள் சென்றும் நோயாளியின் நிலை மோசமாகாததால் அக்கருத்தை அவரே கைவிட்டார். மீண்டும் காசநோய் என்ற கருத்தே தற்காலிகமாக ஏற்கப்பட்டது.

இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இரண்டு ஆண்டுகளில் பல மருத்துவர்கள் பார்த்தும், நோயாளியின் முழு உடல்நல வரலாறு ஒருவரிடமும் ஒருங்கே சேரவில்லை. 1910 ஆம் ஆண்டின் அறுவையை ஒருவர் அறிந்தார். 1906 ஆம் ஆண்டின் சீதபேதி நோயறிதலில் இடம்பெறவில்லை. ஒவ்வொரு இடமாற்றத்திலும் மருத்துவம் புதிதாகத் தொடங்கியது.

புட்னி

1918 நவம்பரில் போர் முடிந்தது. இராமானுசன் இலண்டனில் பிட்சுராய் சதுக்கத்தில் உள்ள மருத்துவ இல்லத்திற்கும், பின்னர் புட்னி பகுதியில் உள்ள கொலினெட் இல்லத்திற்கும் மாறினார். அவருடைய எடை சற்றுக் கூடியது, காய்ச்சலும் தணிந்தது. புட்னி ஹார்டி எளிதில் வந்து காணக்கூடிய தொலைவில் இருந்தது. ஹார்டி 1729 என்ற எண்ணுடைய வாடகைச் சீருந்தில் வந்த புகழ்பெற்ற நிகழ்வு இங்குதான் நடந்தது. அவ்வெண் சிறப்பற்றது என ஹார்டி கூற, இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அது என்று இராமானுசன் படுக்கையிலிருந்தே விளக்கினார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729 கிடைக்கும்.

தாயகம் திரும்பல்

உடல்நிலை சற்றுத் தேறியதாலும், தாயகத்தின் வெப்பமும் உணவும் நலம் தரும் என்ற நம்பிக்கையாலும் இராமானுசன் 1919 பெப்ரவரி இறுதியில் நகோயா என்ற கப்பலில் புறப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுண்டு வழங்க முடிவு செய்திருந்தது. பம்பாயில் தாயாரும் தம்பியும் அவரை வரவேற்றனர். ஜானகி அங்கு வந்திருக்கவில்லை. சென்னை வந்தபின் ஜானகியை வரவழைத்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கணவனும் மனைவியும் அப்போதுதான் சந்தித்தனர்.

கொடுமுடி

சென்னையின் கோடை வெப்பத்தைத் தவிர்க்க வேறிடம் தேடப்பட்டது. இறுதியில் ஈரோட்டுக்குத் தென்கிழக்கே காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி தெரிவு செய்யப்பட்டது. ஈரோடு – திருச்சிராப்பள்ளி தொடருந்துப் பாதையில் அமைந்த இவ்வூர் மகுடேசுவரர் கோயிலால் பெயர்பெற்றது. பிறந்த ஊருக்கு அருகில், தாய்மொழி பேசும் மக்களிடையே, பழகிய உணவுடன் இராமானுசன் இங்கு ஏறத்தாழ இரு மாதங்கள் தங்கினார்.

கொடுமுடி வாழ்க்கையில் குடும்பப் பிணக்கு மீண்டும் தலைதூக்கியது. பூணூல் மாற்றும் சடங்கிற்காகக் காவிரிக்குச் செல்லும்போது ஜானகியும் உடன்வர விரும்பினார். தாயார் அதனை மறுத்தார். அதுவரை தாயார் சொல்லை மீறாத இராமானுசன், இம்முறை மனைவி உடன்வர வேண்டும் என்று உறுதியாகக் கூறினார். அதன்பின் அவருக்கு உணவளித்தல், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தல் முதலிய பணிகளில் ஜானகியின் பங்கு பெருகியது. மருத்துவர்களையும் மருத்துவ இல்லங்களையும் பெரும்பாலும் பிறரே அவருக்காகத் தெரிவு செய்துவந்தனர். தம்மைப் பேணுபவர் யார் என்பதை அவர் தாமே தெரிவு செய்தது இங்குதான்.

கும்பகோணமும் சேத்துப்பட்டும்

1919 செப்டம்பரில் இராமானுசன் கும்பகோணம் சென்றார். சென்னையின் காசநோய் வல்லுநர் மருத்துவர் பி. எஸ். சந்திரசேகர ஐயர் அவரைச் சோதித்துக் காசநோய் என்று உறுதி கூறினார். சென்னைக்கு வந்து மருத்துவம் பெற வேண்டுமென அவர் வற்புறுத்தினார். இராமானுசனோ மருத்துவத்தில் நம்பிக்கை இழந்திருந்தார். மருந்து உட்கொள்ளவும் இடம் மாறவும் தயங்கினார். நெடிய வற்புறுத்தலுக்குப் பின் 1920 சனவரியில் சென்னைக்குச் சென்றார்.

சென்னை சேத்துப்பட்டில் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருக்கு உரிய மாளிகைகளில் அவர் தங்கவைக்கப்பட்டார். 1920 சனவரி 12 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், போலித் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். வலி மிகுந்த நாட்களிலும் படுக்கையில் சாய்ந்தபடி எழுதிக்கொண்டே இருந்தார். ஜானகி தாள்களை எடுத்துக் கொடுத்தும், எழுதி முடித்தவற்றைச் சேர்த்தும் வைத்தார். ஏப்ரல் 26 அன்று காலை இராமானுசன் மறைந்தார். கடல் கடந்தவர் என்ற காரணத்தால் உறவினர் பலர் ஈமச்சடங்கில் கலந்துகொள்ளவில்லை.

அவர் இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் பின்னர் இங்கிலாந்து சென்றன. 1976 இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்டுரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். இவை இராமானுசனின் தொலைந்த குறிப்பேடு என அழைக்கப்படுகின்றன.

பிற்கால ஆய்வு

இராமானுசன் காசநோயால் இறந்தார் என்பதே நெடுங்காலம் ஏற்கப்பட்ட கருத்தாகும். 1980களில் கணிதவியலாளர் ராபர்ட் ராங்கின் அவருடைய மருத்துவ ஆவணங்களைத் திரட்டி வெளியிட்டார். 1994 இல் பிரித்தானிய மருத்துவர் டி. ஏ. பி. யங் அவற்றை மறுஆய்வு செய்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வயிற்று வலி, இளமையில் கண்ட சீதபேதி ஆகியவற்றைக் கொண்டு, இந்நோய் அமீபாவால் கல்லீரலில் உண்டாகும் தொற்று என்ற முடிவுக்கு அவர் வந்தார். சீதபேதிக்குக் காரணமான அமீபா பல ஆண்டுகள் உடலில் தங்கிப் பின்னர் கல்லீரலைத் தாக்கக்கூடும். இறந்தவரின் குறிப்புகளைக் கொண்டு செய்யப்பட்ட முடிவாதலால் இதனை உறுதியான தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆயினும் பல ஆய்வாளர்கள் இதனை ஏற்கின்றனர்.

யங் கூறியது சரியாயின், இந்நோய் அக்காலத்திலேயே குணப்படுத்தத்தக்கது. 1912 இல் கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் எமிட்டின் ஊசிமருந்தால் அமீபாச் சீதபேதியையும் அதன் கல்லீரல் தொற்றையும் குணப்படுத்தும் முறையை அறிமுகம் செய்திருந்தார். இராமானுசன் இங்கிலாந்தில் படுக்கையில் இருந்த ஆண்டுகளில் வெப்ப நாடுகளிலிருந்து திரும்பிய போர்வீரர்களுக்கு இம்மருந்து அளிக்கப்பட்டது. இந்நோயைக் கண்டறிவது கடினம். கண்டறிந்தால் தீர்ப்பது எளிது. காசநோய் என்ற முதல் ஐயம் அவரைக் காசநோய் மருத்துவர்களிடமே மீண்டும் மீண்டும் கொண்டு சேர்த்தது. வெப்ப நாட்டு நோய்களில் தேர்ந்தவரின் பொறுப்பில் அவர் விடப்படவில்லை.

மதிப்பீடு

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என்ற நான்கு கூறுகளால் ஆனது எனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுக்கிறது. இராமானுசனின் வாழ்வில் இந்நான்கும் ஒரே இடத்தில் கூடவில்லை. இங்கிலாந்தில் மருத்துவர்கள் இருந்தனர்; உடனிருந்து பேணுபவர் இல்லை. தாயகத்தில் பேணுவதற்கு ஜானகி இருந்தார். அதற்குள் நோயாளி மருத்துவத்தில் நம்பிக்கை இழந்திருந்தார். மருந்து கல்கத்தாவில் இருந்தது. அதனைப் பரிந்துரைக்கும் நோயறிதல் அமையவில்லை.

பொறுப்பு முழுவதையும் மருத்துவர்கள் மீது சுமத்துவது பொருந்தாது. இராமானுசன் மருத்துவ அறிவுரைகளை எளிதில் ஏற்கவில்லை. உணவிலும் இடத்திலும் அவர் நிறைவு கொள்வது அரிதாக இருந்தது. தம்மைப் பற்றிய செய்திகளைத் தாமாக முன்வந்து சொல்லவும் இல்லை. நோயாளி தம் முழு வரலாற்றையும் கூறுவதும், மருத்துவர் அதனைக் கேட்டுப் பெறுவதும், தேர்ந்த நோயறிதல் பொருந்தவில்லை எனில் வேறு துறை வல்லுநரை நாடுவதும் இன்றைய மருத்துவத்தில் அடிப்படை நடைமுறைகளாகக் கருதப்படுகின்றன. அவருடைய வரலாறு இவற்றின் தேவையை உணர்த்துகிறது. படுக்கையைப் பார்த்த மகலனோபிசும், மாட்லாக்கிற்கு வந்த இராமலிங்கமும் மருத்துவர்கள் அல்லர். எனினும் அவர்கள் கேட்ட கேள்விகள் பயனுள்ளவையாக இருந்தன.

சானடோரியங்களின் பிற்கால வரலாறு

மருத்துவர் சவுரிமுத்து பின்னர் தாயகம் திரும்பி, 1928 இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் ஒரு காசநோய்ச் சானடோரியத்தை நிறுவினார். அப்பகுதியும் அங்குள்ள தொடருந்து நிலையமும் இன்றும் சானடோரியம் என்றே அழைக்கப்படுகின்றன. தென்னிந்தியாவில் அதற்கு முன்னரே, 1915 இல், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியம் தொடங்கப்பட்டிருந்தது. கொங்கு நாட்டில், இராமானுசன் பிறந்த ஈரோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெருந்துறையிலும் பின்னாளில் காசநோய்ச் சானடோரியம் அமைந்தது. அங்குப் பின்னர் மருத்துவக் கல்லூரி உருவாயிற்று.

1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தியல் ஆய்வு மையம், சானடோரியத்தில் தங்கி மருந்து உண்பவர்களையும் வீட்டிலிருந்தே உண்பவர்களையும் ஒப்பிட்டது. முறையாக மருந்து உட்கொண்டால் வீட்டு மருத்துவமும் அதே அளவு பயன் தரும் என்று 1959 இல் வெளியான அதன் முடிவு காட்டியது. அதன்பின் உலகெங்கும் காசநோயாளிகள் தம் வீட்டிலேயே, தம் உணவை உண்டு, தம் மக்களுடன் இருந்தபடி குணம் பெறும் முறை பரவியது.

நினைவு

இராமானுசனின் பிறந்தநாளான டிசம்பர் 22 இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. கும்பகோணத்தில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. ஜானகி அம்மாள் கணவரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து 1994 இல் சென்னையில் காலமானார். கணவரின் நோய் குறித்த யங்கின் ஆய்வு வெளியானதும் அதே ஆண்டில்தான்.